குழு லோன் கட்ட முடியாம நிக்கிற பக்கத்து வீட்டு அக்காவ எல்லாரும் குறை சொல்றாங்க, நான் எப்படி கூட நிக்கிறது?

பாம்பன் தையக்காரி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் பக்கந்தான் எங்க வீடு, தெரு பேரெல்லாம் வேண்டாம். வீட்டுலயே மிஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறேன், வீட்டுக்காரருக்கு ஐஸ் பேக்டரில வேலை. ரொம்ப நாளா மனசுல கெடந்து உறுத்துற விஷயம், வீட்டுல பேசுனா சண்டைல முடியுது, அதான் இங்க கேக்குறேன்.

பக்கத்து வீட்டு அக்காவோட வீட்டுக்காரர் விசைப்படகுல கூலிக்குப் போறவரு, சொந்தப் படகு கிடையாது. போன மாசம் இலங்கை நேவி புடிச்சுட்டாக. படகு அங்க கெடக்கு, ஆளு யாழ்ப்பாணத்து ஜெயில்ல, வாய்தா வாய்தான்னு தள்ளிக்கிட்டே போகுது. ரெண்டு புள்ளைக, மூத்தவ பத்தாவது படிக்குது. அக்கா பேருல குழு லோன் ரெண்டு ஓடுது, அது போக நகை பேங்குல அடகு, பலசரக்குக் கடைல பாக்கி. அவரு புடிபட்ட வாரத்துல இருந்து டியூ கட்டல, கட்ட வழியும் இல்ல.

இப்ப தெருவுல பேச்சு எப்படின்னா, "எல்லை தாண்டாதன்னு தலையால அடிச்சுக்கிறாக, கேட்டானா", "சம்பாதிக்கிறப்ப குடிச்சே அழிச்சான்", "போன கிறிஸ்மஸுக்கு பிரிட்ஜ் எடுத்தாளே அப்ப தெரியலையா". சொல்றவங்க யாரும் கெட்டவங்க இல்ல, எங்க மாமியாரு சொல்றாக, பக்கத்துத் தெரு சித்தி சொல்றாக, நல்லது கெட்டதுக்கு மொத ஆளா வந்து நிக்கிறவங்கதான். ஆனா தண்ணி லாரி வர்றப்ப அக்கா குடத்தோட வந்தா சடார்னு பேச்சு நின்னுருது, எல்லாரும் குடத்தையே பாக்குறாக. இப்பெல்லாம் அக்கா வர்றதே இல்ல, சின்ன புள்ளைய அனுப்பி விடுது, அது தூக்க முடியாம பாதி தண்ணிய சிந்திக்கிட்டே போகுது.

நானும் அதே குழுவுலதான் இருக்கேன், அவுக கட்டலன்னா அந்தப் பாரம் எங்க நாலு பேரு தலைலயும் விழுது, அதுனால எனக்கு கோவமே வரலன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த முகத்த பாத்தா ஒரு வார்த்தை கேக்க மனசு வரல. இப்படிப் பேசுறவங்ககிட்ட என்ன சொல்றது, அக்காவுக்கு கூச்சம் வராம எப்படி உதவுறது, குழு விஷயத்துல என்ன செய்யலாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. நீளமாயிருச்சு, மன்னிச்சுக்கங்க.

---

வடகடல் டிரைவர்

தங்கச்சி, நான் விசைப்படகுல டிரைவரா ஓடுனவன், இப்ப முழங்கால் போயிருச்சு, கரைல வலை வேலை பாக்குறேன். "ஏன் தாண்டுனான்"ங்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா இத கேக்குறவங்க பாதிப் பேரு ஒரு ராத்திரி கூட படகுல இருந்ததில்ல.

எங்க வடகடல், அதான் பாக் ஜலசந்திப் பக்கம், அகலமே கொஞ்சம். தனுஷ்கோடில இருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் வரும். 1974லயும் 1976லயும் ஒப்பந்தம் போட்டு நடுவுல கோடு கிழிச்சாச்சு, கச்சத்தீவு அந்தப் பக்கம் போயிருச்சு. கரைய ஒட்டி நாட்டுப்படகுக்காரன் தொழில் பாக்குற எடம், அங்க விசைப்படகு மடி, அதான் இழுவை வலை, இழுக்கக் கூடாதுன்னு 1983ல இருந்து சட்டம், அது சரியான சட்டந்தான். ஆக கரைய விட்டு வெளிய போனா கொஞ்ச தூரத்துல கோடு வந்துரும். எங்களுக்கு வாரத்துல மூணு நாள், திங்கள் புதன் சனி, மத்த நாள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அதுல தொழிலே இல்ல. காத்து அடிச்சா போக முடியாது, ஆளுகள புடிச்சா ஸ்டிரைக்கு. மிச்சம் எத்தனை நாளுன்னு நீங்களே எண்ணிக்கங்க.

ஒரு தடவ போக டீசல், ஐஸ், சாப்பாடு சாமான் எல்லாத்தையும் ஓனர் போடுறாரு, மீன்பாடு வந்தா அதெல்லாம் கழிச்சது போகத்தான் பங்கு. வெறும் சங்காயத்தோட, அதான் விலை போகாத பொடி மீனோட, திரும்புனா கூலிக்காரனுக்கு டீ காசு கூட மிஞ்சாது. அதுலயும் பாதிப் பேரு ஓனர்கிட்ட முன்பணம் வாங்கியிருப்பான், புள்ள பிரசவத்துக்கு, வீட்டுக் கூரைக்கு. முன்பணம் வாங்குனவன் நடுக்கடல்ல "நான் அங்கிட்டு வரல, எறக்கி விடு"ன்னு சொல்ல முடியுமா? எங்க மடி இறக்கணும்னு சொல்றது ஓனரும் டிரைவரும். பின்னாடி நிண்டு கயிறு இழுக்குறவன் முடிவு பண்றதில்ல. ஆனா புடிபட்டா ஜெயிலு அவனுக்கும்தான்.

இன்னொன்னும் சொல்லணும், மறைக்கக் கூடாது. அந்தப் பக்கம் இருக்குறவனும் நம்ம தமிழன்தான், மன்னார்லயும் யாழ்ப்பாணத்துலயும் சண்டை முடிஞ்சு வந்து சின்ன வலைய போட்டு பொழைக்கிறவன், அவன் வலைய நம்ம மடி அறுத்துட்டுப் போனா அவன் வயிறு எரியத்தான் செய்யும். 2017ல அங்க இழுவை மடிய தடை பண்ணி சட்டம் வந்துச்சு, 2018ல வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்த எங்கேயோ கொண்டு போய்ட்டாக. அவுக பக்கத்து நியாயத்த நான் இல்லன்னு சொல்லல. இங்க நம்ம அரசாங்கமே ஒரு காலத்துல மானியம் குடுத்து விசைப்படகு வாங்கச் சொல்லுச்சு, அப்புறம் 2017ல ஆழ்கடலுக்கு மாறுங்கன்னு 80 லட்ச ரூபா படகுத் திட்டம் கொண்டு வந்தாக, 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் பேங்கு கடன், 10 சதவீதம் கைக்காசு. கைக்காசே 8 லட்சம். அது ஓனருக்கே முழி பிதுங்குற தொகை, கூலிக்காரனுக்கு அதுல பேச்சே இல்ல.

இத்தனை பேரு சேர்ந்து போட்ட முடிச்சு இது, ரெண்டு அரசாங்கம், ஓனரு, வியாபாரி, ஏற்றுமதிக் கம்பெனி எல்லாரும் இருக்காக. இதுல எதுலயும் கை வெக்காத ஒரே ஆளு அந்தப் பொம்பளை. அது தண்ணி எடுக்க வர்றப்ப அது முகத்துல கேக்குறீகளே, இது என்ன நியாயம். கேக்கணும்னா மீன்வளத்துறை கூட்டத்துல வந்து கேளுங்க, அங்க ஒரு ஆளும் வாயத் தொறக்குறதில்ல.

---

நியாயமா பேசுவோம்

எல்லாருக்கும் வணக்கம், தேவிபட்டினத்துல இருந்து எழுதுறேன். நான் சொல்றது சிலருக்கு கசக்கும். டிரைவர் அண்ணன் கடலப் பத்தி சொன்னது எல்லாம் சரி. ஆனா குடியப் பத்தி யாரும் பேச மாட்டேங்குறீங்க. தொழில் இருக்குற நாள்ல கைக்கு வர்ற காசு நேரா கடைக்குப் போகுது, வீட்டுக்கு வர்றது மிச்சம். அப்புறம் பொம்பளைங்க குழு லோன் எடுத்து ஓட்டுறாங்க, ஒரு லோன அடைக்க இன்னொரு லோன். எங்க பக்கத்துலயே இப்படி ஊர விட்டு ஓடிப்போன குடும்பத்த பாத்துருக்கேன். பாவம் பாவம்னு சொல்லி சொல்லியே யாரும் திருந்தாம போயிடுறாங்க. அதோட அந்த லோனுக்கு ஜாமீன் மாதிரி நிக்கிற மத்த நாலு பொம்பளைங்களும் ஏழைங்கதான, அவங்க மேல யாரு இரக்கப்படுறது? அவங்க கோவப்பட்டா தப்பா? அந்த அக்காவ திட்டணும்னு சொல்லல, ஆனா எதுவுமே கேக்கக் கூடாதுன்னா அது சரியா வராது.

---

குழுத் தலைவி, தங்கச்சிமடம்

நியாயமா பேசுவோம் தம்பி, கேட்டது நல்ல கேள்விதான், அதுக்கு நான் பதில் சொல்லியே ஆகணும், ஏன்னா அந்த "மத்த நாலு பேரு"ல ஒருத்தியா நான் இருந்துருக்கேன், தலைவியாவும் இருந்துருக்கேன்.

மொதல்ல குடி. குடிக்கிறது தப்பு, அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல, எங்க அண்ணனையே அதுக்குத்தான் பறி குடுத்தோம். ஆனா கவனிச்சுப் பாருங்க, குடிச்சவன் மேல விழ வேண்டிய சொல்லு எப்பவும் குடிக்காத பொம்பளை தலைலதான் விழுது. அவன் ஜெயில்ல இருக்கான், அவன் காதுல இது எதுவும் விழப்போறதில்ல. அவ காதுலயும் புள்ளைக காதுலயுந்தான் விழுது. பத்தாவது படிக்கிற புள்ள "உங்கப்பன் குடிச்சே அழிச்சான்"னு தெருவுல கேட்டுட்டு பள்ளிக்கூடத்துல போய் உக்காந்து என்னத்தப் படிக்கும்? அதுனால யாரு திருந்தப் போறாக?

ரெண்டாவது, ஏன் லோன் எடுக்குறா. நான் கண்ணால பாத்ததச் சொல்றேன். தடைக்கால நிவாரணம் முன்னாடி 5,000, இப்ப 8,000 தர்றாக, நல்ல விஷயம், ஆனா அந்த 8,000 ரெண்டு மாசத்துக்கு ஒரு குடும்பத்துக்கு. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்குறதும் தடைக்காலம் முடியுறதும் ஒண்ணா வருது. பீசு, நோட்டு, யூனிபார்ம், படகு எறங்குறதுக்கு முன்னாடி எல்லாம் கைக்காசு கேக்குது. அந்த நேரம் பாத்து லோன் கம்பெனிக்காரன் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான், ஆதார் குடுங்க, ஒரு போட்டோ, நாலு நாள்ல பணம். பேங்குக்குப் போனா சம்பளச் சீட்டு கேக்குறான், சொத்து கேக்குறான். யாருகிட்ட வாங்குவா? பிரிட்ஜ் எடுத்தான்னு சொல்றாகளே, எங்க தெருவுல ஒரு பொண்ணு பிரிட்ஜ் எடுத்தது மீன் வெச்சு விக்கத்தான், காலைல விக்காத மீனு சாயங்காலம் நாறிப்போகாம இருக்கணும்ல. பாக்குறவங்களுக்கு அது ஆடம்பரம்.

இப்ப மத்த நாலு பேரு விஷயம். எங்க சென்டர் மீட்டிங்ல, அதான் குழு கூடி டியூ கட்டுற எடத்துல, நடந்தத சொல்றேன், கம்பெனி பேரு வேண்டாம். எங்க குழுவுல ஒருத்தி கடல்பாசி எடுக்குறவ. பாசி எடுக்குறதுன்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன், விரல் விரலா துணிய கிழிச்சுச் சுத்திக்கிட்டு, காலுல தகரத் தட்ட கட்டிக்கிட்டு, பாறைல முங்கி முங்கிப் பிடுங்குறது, துணிய அவுத்தா விரல் வெந்த மாதிரி வெளுத்து அங்கங்க கீறி ரத்தம் நிக்கும். மன்னார் வளைகுடா தீவெல்லாம் 1986ல தேசிய பூங்கான்னு ஆனதுல இருந்து அங்கிட்டுப் போறதுக்கும் கெடுபிடி. அவளுக்கு காய்ச்சல் வந்து மூணு வாரம் எறங்கல. டியூ நாள்ல கலெக்‌ஷன் ஆளு பாஸ்புக்க மடில வெச்சுக்கிட்டு "முழுத் தொகையும் வந்தாத்தான் நான் எந்திரிப்பேன்"னு உக்காந்துட்டான். மதியம் தொடங்குனது, விளக்கு வெக்கிற நேரமும் ஆச்சு. புள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்து பசிக்குதுன்னு வாசல்ல நிக்குது. அந்த ஆளு அவள ஒரு வார்த்தை திட்டல தம்பி. திட்டுனது பூரா நாங்கதான். "உன்னால எங்க மானம் போகுது"ன்னு ஒருத்தி, "பாசி எடுக்கப் போகாம படுத்துக் கெடந்தா பணம் மரத்துலயா காய்க்கும்"னு இன்னொருத்தி. அவன் போன்ல எதோ பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான். கடைசில அவ எந்திரிச்சுப் போயி பேத்தி காலு கொலுச கழட்டிட்டு வந்து நடுவுல வெச்சா. யாரும் பேசல. அவன் "இத நான் வாங்க முடியாது, பணமா குடுங்க"ன்னான்.

இந்த ஏற்பாடே அப்படித்தான் ஓடுது. அஞ்சு பேர ஒண்ணா கட்டி விட்டா அவன் வசூல் பண்ண வேண்டியதில்ல, நாங்களே ஒருத்திய ஒருத்தி வசூல் பண்ணிக்குவோம். கோவம் வர்றது தப்பில்ல தம்பி, வந்த கோவம் எங்க போகுதுன்னு பாக்கணும். ரெண்டு லோன் ஓடுறது தெரிஞ்சும் மூணாவதா குடுக்க வர்றானே அவன்கிட்ட ஒரு கேள்வி கேக்குறோமா?

பாம்பன் தங்கச்சி, எங்க குழுவுல நாங்க அப்புறம் ஒரு ஏற்பாடு பண்ணுனோம், உங்களுக்கு ஒத்து வந்தா பாருங்க. டியூ நாளுக்கு முந்துன நாள் ராத்திரி நாங்க அஞ்சு பேரும் கம்பெனி ஆளு இல்லாம ஒரு வீட்டுல உக்காருவோம். யாருக்கு எவ்வளவு குறையுதுன்னு அங்கயே சொல்லிருவோம். முடிஞ்சத போட்டுக்குவோம், நோட்டுல எழுதுவோம், வட்டி கிடையாது. முடியலன்னா "இந்த வாரம் இவ்வளவுதான்"னு தலைவி நான் அவன்கிட்ட சொல்லுவேன், அவ பேச வேண்டியதில்ல. அவன் முன்னாடி எங்க ஆளு எவளையும் யாரும் ஒரு சொல்லு சொல்றதில்லன்னு பேசி வெச்சுக்கிட்டோம். ஒரே நாள்ல சரியாகல, ஒருத்தி கோவிச்சுக்கிட்டு குழுவ விட்டே போயிட்டா, ஆனா அந்த மாதிரி ஒரு சாயங்காலம் அதுக்கப்புறம் எங்களுக்கு வரல.

---

கீழக்கரை லாத்தா

அஸ்ஸலாமு அலைக்கும். தையக்கார தங்கச்சி, "கூச்சம் வராம எப்படி உதவுறது"ன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு மட்டும் சொல்றேன்.

எங்க உம்மா ஒரு வழக்கம் வெச்சிருந்தாக. யாருக்காச்சும் அரிசி பருப்பு குடுக்கணும்னா அவுக வீட்டுக்குக் கொண்டு போக மாட்டாக, ஆளு விட்டுக் கூப்பிடவும் மாட்டாக. எதாச்சும் ஒரு வேலையச் சொல்லி வரச் சொல்லுவாக, மொளகாய காய வெச்சு எடுக்கணும், பாய் நூல் அறுந்து போச்சு அப்படின்னு. வேலை பாத்துட்டுப் போறப்ப கூலியோட சேத்து பையில போட்டு விட்டுருவாக. வாங்குனவுக தலை நிமிந்து தெருவுல நடந்து போவாக. வலது கை குடுக்குறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு எங்க மார்க்கத்துல சொல்லுறதுதான், ஆனா இப்ப பாக்குறேன், அஞ்சு கிலோ அரிசிய குடுத்துட்டு பத்துப் பேரு நிண்டு போட்டோ புடிச்சு வாட்ஸப்புல போடுறாக, அந்த வீட்டுப் புள்ளைக முகம் பூரா அதுல இருக்கு. அந்தப் புள்ளைக நாளைக்கு எப்படி வெளிய வரும்.

நீங்க மிஷின் வெச்சிருக்கீங்க. ஹெம்மிங், ஊக்கு பட்டன் வெக்கிறது, இந்த மாதிரி கைவேலை இருக்கும்ல, அத அந்த அக்காட்ட குடுங்க. காசு கையில குடுங்க. வேலை இல்லாட்டியும் உண்டாக்கிக் குடுங்க. அப்புறம் தண்ணிக்குப் போறப்ப அவுக வாசல்ல நிண்டு "வாங்கக்கா சேந்து போவோம்"னு கூப்பிட்டுக்கிட்டுப் போங்க. நீங்க பக்கத்துல நிண்டா பேசுற வாயி பாதி அடங்கிரும், நீங்க ஒண்ணும் பதில் சொல்லணும்னுகூட இல்ல.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளாவே தோணும். 1964 டிசம்பர்ல புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சு ரயிலோட சனம் போச்சே, அந்தக் கதைய எங்க வீட்டுல பெரியவுக எத்தனையோ தடவ சொல்லிக் கேட்டிருக்கேன், "ஏன் அங்க போயி வீடு கட்டுனாக"ன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்ல. ஊரோட வர்ற கஷ்டத்துல யாரும் யாரையும் கணக்குக் கேக்குறதில்ல. ஒரு வீட்டுக்கு மட்டும் வந்தா உடனே அவுக செஞ்ச தப்பத் தேடுறோம். அது ஏன்னு எனக்குத் தோணுறது, அவ எதோ தப்பு பண்ணித்தான் இது வந்துச்சுன்னு சொல்லிக்கிட்டா, நாம தப்பு பண்ணல, அதுனால நமக்கு வராதுன்னு நிம்மதியா தூங்கலாம். அவ ஒண்ணும் பண்ணாமலே வந்துச்சுன்னா நமக்கும் நாளைக்கு வரலாமேன்னு பயம். உங்க மாமி பேசுறதும் அந்தப் பயத்துலயா இருக்கலாம், அவுக மகனும் கடல ஒட்டுன தொழில்லதான இருக்காரு. அவுகளோட சண்டை போடாதீங்க.

---

நியாயமா பேசுவோம்

தலைவி அக்கா, லாத்தா ரெண்டு பேருக்கும் நன்றி. ராத்திரி முன்கூட்டியே உக்காந்து பேசுறது நல்ல யோசனை, அத ஏத்துக்குறேன். ஆனா நடைமுறைல ஒரு சந்தேகம், அவரு ஜெயில்ல இருந்து வர ஆறு மாசம் ஆனா அதுவரைக்கும் மத்த நாலு பேருமே கட்டிட்டு இருக்க முடியுமா? சட்டப்படி அவங்க கட்டித்தான் ஆகணுமா? மனசு இருந்தாலும் கையில காசு வேணும்ல. யாராச்சும் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ராம்நாடு பேங்க் ரிட்டயர்டு

பேங்குல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு உறுதியா தெரிஞ்சத மட்டும் எழுதுறேன்.

இந்த வீடு தேடி வந்து குடுக்கிற சின்ன லோனுக்கெல்லாம் ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல்ல இருந்து ஒரே விதிமுறை கொண்டு வந்துருக்கு. வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு அடமானம் இல்லாம குடுக்கிற லோன்தான் இது. அந்தக் குடும்பம் மாசம் கட்ட வேண்டிய எல்லா லோன் தவணையும் சேர்த்து மாச வருமானத்துல பாதிக்கு மேல போகக் கூடாது. அதை விசாரிச்சு பாக்க வேண்டியது குடுக்கிறவனோட பொறுப்பு. இரண்டாவது லோன குடுக்குறப்ப இந்தக் கணக்கைப் பாத்தானான்னு எழுத்து மூலமா கேக்கலாம்.

வசூல் விஷயத்துல, காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் போன் போட்டு தொந்தரவு பண்ணக் கூடாது. மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, சொந்தக்காரங்களையோ கூட இருக்கிறவங்களையோ தொந்தரவு பண்ணக் கூடாது, கட்டாதவங்க பேரை வெளிய போடக் கூடாது. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட பொது இடத்துலதான் வசூல், அங்க தொடர்ந்து ரெண்டு தடவைக்கு வரலன்னாதான் வீட்டுக்கு வரலாம். தலைவி அம்மா சொன்ன மாதிரி விளக்கு வெக்கிற வரைக்கும் அஞ்சு பேரை உக்கார வெச்சு நெருக்குறதெல்லாம் இந்த விதியோட ஒத்தே வராது. இது போக தமிழ்நாட்டுல 2025ல கட்டாய வசூலுக்கு எதிரா தனிச் சட்டமே வந்திருக்கு, மிரட்டி வசூல் பண்ணா 3 வருஷம் வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம். வெளிய தனியாள்கிட்ட அநியாய வட்டிக்கு வாங்கியிருந்தா அதுக்கு 2003 கந்துவட்டி தடைச் சட்டம் இருக்கு.

நாலு பேரும் கட்டணுமான்னா, ஒவ்வொருத்தர் கையெழுத்துப் போட்ட பேப்பர்ல என்ன இருக்குன்னு பாத்துதான் சொல்ல முடியும், பேப்பரோட நகலைக் கேட்டு வாங்குங்க, குடுத்தே ஆகணும். அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது, அந்த அம்மா பேருல ஒரு மனு. கணவர் இலங்கைச் சிறையில இருக்காரு, வருமானம் நின்னு போச்சு, தவணையைத் தள்ளி வெச்சு தொகையைக் குறைச்சு மாத்தி அமைச்சுக் குடுங்கன்னு கம்பெனி கிளைக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பணும். நீங்க நாலு பேரும் அதுலயே கையெழுத்துப் போட்டா ரொம்ப நல்லது, அவங்க தனியா இல்லன்னு கம்பெனிக்குத் தெரியணும். 30 நாள்ல பதில் இல்லன்னா, இல்ல பதில் திருப்தியா இல்லன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு புகார் பண்ணலாம், 14448ல கேட்டா எப்படின்னு சொல்லுவாங்க, காசு கிடையாது.

வக்கீலுக்கு செலவு பண்ண வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்துலயே இருக்கு, 15100க்கு போன் பண்ணலாம், ராமநாதபுரம் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. இலங்கைச் சிறையில இருக்கிற மீனவர் குடும்பத்துக்கு மாநில அரசு தினசரி உதவித்தொகை குடுக்குது, அதுக்கு மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகம். அது கிடைக்குதான்னு மொதல்ல விசாரிங்க, பல பேரு மனு போடாமலே இருக்காங்க. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்துல அவங்க பேரு இருக்கான்னும் பாருங்க, 1,500 கட்டுனா மத்திய மாநில அரசு பங்கு சேர்ந்து 4,500 வரும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் மனு குடுக்கலாம்.

கடைசியா ஒண்ணு, இதை லேசா எடுத்துக்காதீங்க. அந்த அம்மா ஆள் கண்ணுல படாம ஒதுங்குறாங்கன்னு எழுதியிருக்கீங்க. கடன் நெருக்குற நேரத்துல ஆள் ஒதுங்க ஆரம்பிச்சா கவனமா இருக்கணும். ராத்திரி தூங்குறாங்களா, சாப்பிடுறாங்களான்னு பக்கத்துல இருக்கிற நீங்கதான் பாக்கணும். 14416ல தமிழ்லயே மனநல ஆலோசனை குடுக்குறாங்க, எந்த நேரமும் பேசலாம், நீங்களே கூட போட்டு அவங்க கையில குடுக்கலாம்.

---

பாம்பன் தையக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு நாளா திரும்பத் திரும்ப படிச்சுக்கிட்டு இருந்தேன். லாத்தா சொன்ன மாதிரி ப்ளவுஸ் ஹெம்மிங் குடுத்தேன், அக்கா மொதல்ல "எனக்கு வராது"ன்னாக, அப்புறம் வாங்கிக்கிட்டுப் போயி மறுநாள் காலைலயே முடிச்சுக் குடுத்தாக, நான் போடுறத விட நெருக்கமா போட்டிருந்தாக. தண்ணிக்கும் சேந்து போனோம். சித்தி எதோ ஆரம்பிச்சாக, நான் "சித்தி அந்தக் குடத்த கொஞ்சம் தள்ளுங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

தினசரி உதவித்தொகைக்கு அக்கா மனுவே போடலையாம். படகு ஓனர் பாத்துக்குவாருன்னு நெனைச்சுக்கிட்டு இருந்துருக்காக, அவரு படகு போன கவலைல இருக்காரு, இவுகள கேக்கவே இல்ல. தூங்குறீகளாக்கான்னு கேட்டேன், அழுதுட்டாக, ரொம்ப நேரம் பேசுனோம். சின்ன புள்ள இப்ப ராத்திரி எங்க வீட்டுல படுத்துக்குது, என் மகளோட. மாமியாரு ஒண்ணும் சொல்லல, பாய மட்டும் எடுத்துப் போட்டாக.

குழுவுல ரெண்டு பேரு மனுவுல கையெழுத்து போடுறேன்னுட்டாக, ஒருத்தி யோசிக்கிறேன்னு சொல்லிருக்கா. புதன்கிழமை மீன்வளத்துறை ஆபீசுக்கு அக்காவ கூட்டிட்டுப் போறேன், வீட்டுக்காரர் லீவு போட்டு வர்றேன்னு சொல்லிருக்காரு. என்னென்ன பேப்பர் எடுத்துட்டுப் போகணும்?

---

வடகடல் டிரைவர்

அவரோட மீனவர் அடையாள அட்டை, மீனவர் கூட்டுறவு சங்க உறுப்பினர் புத்தகம், ரெண்டு பேரு ஆதார், ரேஷன் கார்டு, அக்கா பேருல இருக்குற பேங்கு பாஸ்புக், எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கங்க. படகு பதிவு எண்ணும் அன்னைக்கு கடலுக்குப் போன டோக்கன் விவரமும் ஓனர்கிட்ட கேளுங்க, தரலன்னா சங்கத்துல வாங்கலாம், ஆளு புடிபட்டதுக்கு சங்கத்துல ஒரு கடிதமும் வாங்கிக்கங்க. மனு குடுத்தா தேதி போட்டு சீல் வெச்ச நகல் வாங்காம வெளிய வராதீங்க. புதன்கிழமை நானும் ராமேஸ்வரத்துலதான் இருப்பேன், காலைல பத்து மணிக்கு ஆபீஸ் வாசலுக்கு வந்துர்றேன். யோசிக்கிறேன்னு சொன்ன அந்தப் பொண்ணையும் ஒரு எட்டு கூப்பிட்டுப் பாருங்க, வந்தாலும் வரும்.